படைப்புழு இனக்கவர்ச்சிப் பொறி: ஓர் ஏக்கர் ஸ்வீட் கார்னில் ஒரு சாகுபடிப் பட்டம் வைத்துப் பார்த்தது

ஆலங்குளத்திற்கும் முக்கூடலுக்கும் இடைப்பட்ட செம்மண் நிலத்தில், கிணற்றுப் பாசனத்தில், சித்திரைக் கடைசியில் ஓர் ஏக்கர் ஸ்வீட் கார்ன் விதைத்து ஆடி முதல் வாரத்தில் கதிர் ஒடித்தோம். குற்றாலத்தில் சாரல் விழும் நாள்களில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வருகிற கூட்டம் அவித்த கதிரையும் சுட்ட கதிரையும் விரும்பி வாங்கும் என்பதால் நாங்கள் விதைப்பை அந்தக் கணக்கில் வைத்துக்கொள்கிறோம். பயிர் முளைத்த நாளிலிருந்து ஒடிப்பு முடியும் வரை, மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவுக்கான இனக்கவர்ச்சிப் பொறிகள் ஆறு அந்த வயலில் நின்றன. அவற்றைப் பற்றிய மதிப்புரை இது. ஒரே அமைப்பிலான பொறியைப் பல நிறுவனங்கள் விற்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. பொறியின் கட்டமைப்பையும், பூச்சியை ஈர்க்கும் மணக் குப்பியான லூர் இருக்கும் நிலையையும் பார்த்து வாங்கினால் போதும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பொறி வாங்கத் தகுந்தது. ஆனால் புழுவைக் கொல்லும் என்று நம்பி வாங்குகிறவர் பத்து நாளில் அதைப் பிடுங்கிக் கொட்டகையில் போட்டுவிடுவார். எனக்கு விற்ற கடைக்காரரே அதைத் தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தார்: "அண்ணாச்சி, இது புழுவக் கொல்லுததுக்கு இல்ல, பூச்சி வந்துட்டான்னு சொல்லுததுக்கு." என்றைக்குக் குருத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும், என்றைக்கு மருந்தடிக்காமல் இருக்கலாம் என்ற இரண்டையும் இந்தப் பொறி சொல்லும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது முறையாகாது.

படைப்புழு நம் ஊர்ப் பூச்சி இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 2016இல் ஆப்பிரிக்காவுக்கு வந்து, 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமோகாவில் முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் பரவியது. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் மானாவாரியாகத் தானிய மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கும் இது பெரிய தொல்லைதான். ஆயினும் ஸ்வீட் கார்னுக்கு வரும் நட்டம் வேறு வகையானது. தானிய மக்காச்சோளத்தில் இலை சற்றுக் கடிபட்டாலும் பயிர் தேறிவிடும். கதிரின் நுனியில் நாலு மணி போனால் மீதியை உதிர்த்து மூட்டை பிடித்துவிடலாம். ஸ்வீட் கார்னைக் கதிர் கதிராகத்தான் விற்கிறோம். வியாபாரி நுனித் தோலை நகத்தால் விலக்கிப் பார்த்து, உள்ளே ஒரு புழுவோ ஈரமான எச்சமோ தெரிந்தால் அந்தக் கதிரை ஒதுக்கிவிடுவார். ஒதுக்கிய கதிர் மாட்டுக்குத்தான் போகும். 60 செ.மீ.க்கு 25 செ.மீ. இடைவெளியில் விதைத்தால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 27,000 செடிகள் நிற்கும். நூற்றுக்கு ஐந்து என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றுகிற சேதம் இங்கே 1,350 கதிர்கள்.

போன ஆண்டு பொறி எதுவும் வைக்காமல், மருந்துக்கடையில் எழுதித் தந்த அட்டவணைப்படி பத்து பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை என ஐந்து தடவை மருந்தடித்தேன். அப்படியும் நூறு கதிரில் முப்பதுக்குக் குறையாமல் புழு இருந்தது. அடித்த மருந்து கெட்டதில்லை. அடித்த நாள்கள்தாம் தவறு என்பது இந்தப் பட்டத்தில்தான் எனக்குப் புரிந்தது.

இனிப் பொறியைப் பற்றிச் சொல்கிறேன். மேலே வெயிலும் மழையும் படாமல் காக்க ஒரு வட்ட மூடி. மூடியின் உட்பக்கத்தில் லூரைச் செருக ஒரு கூடு. அதற்குக் கீழே அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் புனல். புனலின் அடியில் முழ நீளத்திற்கு ஒரு பாலிதீன் பை. பையின் கீழ்வாயை முடிச்சிட்டுக் கட்டிவிட வேண்டும். லூர் என்பது பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்க வெளியிடும் மணத்தைச் செயற்கையாகத் தயாரித்து ஏற்றிய சிறு ரப்பர் குப்பி. இரவில் அந்த மணத்தைத் தேடி வரும் ஆண் அந்து மூடிக்கும் புனலுக்கும் இடையிலுள்ள சந்தில் நுழைந்து, சுற்றிச் சுற்றிக் களைத்துப் புனல் வழியாகப் பைக்குள் விழுந்துவிடும். நான் பொறி ஒன்றை 130 ரூபாய்க்கும் லூர் ஒன்றை 50 ரூபாய்க்கும் வாங்கினேன். ஏக்கருக்கு நான்கைந்து பொறி கண்காணிப்பிற்கு என்றும், ஆண் அந்துகளைத் திரளாகப் பிடிப்பதற்குப் பதினைந்து, இருபது என்றும் பரிந்துரை இருக்கிறது. திரளாகப் பிடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. இந்த அந்து ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது. ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் அந்து வெளியிலிருந்து வந்து முட்டையிட்டால், நம் வயலில் எத்தனை ஆண்களைப் பிடித்திருந்தாலும் அதைத் தடுக்க முடியாது.

பொறியைக் கட்டிய கம்பைப் பற்றி ஒரு குறிப்பு. கம்பு பயிரைவிட உயரமாக இருக்க வேண்டும். பயிர் வளர வளரப் பொறியையும் ஏற்றிக் கட்ட வேண்டும். நான் கம்பின் தலையில் குறுக்காக ஒரு சிறு குச்சியையும் வைத்துக் கட்டினேன். விடியற்காலையில் கரிச்சான் குருவிகள் அந்தக் குச்சியில் வந்து அமர்ந்து, இலைமேல் ஊரும் புழுவைக் கொத்திக்கொண்டு மறுபடியும் அதே குச்சிக்குத் திரும்புவதைப் பல நாள் பார்த்தேன். செலவில்லாமல் கிடைத்த கூலியாள் அது.

விதைத்த ஏழாம் நாள் ஆறு பொறிகளையும் நட்டோம். தினமும் காலை ஏழு மணிக்குள் பையின் முடிச்சை அவிழ்த்து, விழுந்தவற்றை ஒரு தட்டில் கொட்டி எண்ணி, நாள்காட்டியில் எழுதி வைத்தோம். எண்ணுவதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும், ஏனென்றால் படைப்புழுவின் லூருக்கு வேறு சில அந்துகளும் வந்து விழுகின்றன. படைப்புழுவின் ஆண் அந்துக்கு முன்சிறகு பழுப்பும் சாம்பலும் கலந்து, சிறகின் நுனியில் முக்கோணமாக ஒரு வெள்ளைத் திட்டும், நடுப்பகுதியில் சாய்வாக ஒரு வெளிர் புள்ளியும் இருக்கும். பையில் படபடத்துச் செதில் உதிர்ந்துபோன அந்துகளில் இதைக் காண்பது கடினம். அன்றன்று காலையில் எண்ணினால் தெளிவாகத் தெரியும். இரண்டு நாள் விட்டு எண்ணினால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். தயாரிப்பாளர்கள் பொறியுடன் ஒரு வண்ணப்படத்தைச் சேர்த்துத் தந்தால் பெரிய உதவியாக இருக்கும். எனக்குக் கிடைத்த பொட்டலத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

முதல் மூன்று இரவுகள் வெறுமையாகப் போயின. பதினோராம் நாள் இரண்டு பொறிகளில் சேர்த்து மூன்று அந்துகள். பதின்மூன்றாம் நாள் ஆறு பொறிகளிலும் சேர்த்து எட்டு. நாளொன்றுக்குப் பொறிக்கு ஓர் அந்து என்ற கணக்கை எட்டினால் நடவடிக்கையில் இறங்க வேண்டும் என்பது பரிந்துரை. ஆகவே அன்றே வயலுக்குள் இறங்கி, கோணல்மாணலாக ஐந்து இடங்களில் இருபது இருபது செடிகளாக நூறு செடிகளைப் பார்த்தோம். என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. எங்கள் மைனிதான் (அண்ணி) மூன்றாவது இலையைப் புரட்டி, மேலே பஞ்சைத் தேய்த்தாற்போல் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டைக் காட்டினார். மிளகளவுகூட இல்லாத இடத்தில் அடுக்கடுக்காக நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள், அவற்றின்மேல் தாய்ப்பூச்சியின் செதில்கள் போர்த்தியிருந்தன. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் அந்தக் குவியல் முழுவதும் முடிந்துவிடும். மூன்று நாள் கழித்து வந்திருந்தால் அந்த நூற்றுக்கு மேற்பட்ட புழுக்களும் நூல் விட்டு அடுத்தடுத்த செடிகளுக்குப் பரவியிருக்கும். பொறி அந்த மூன்று நாளைத்தான் நமக்குத் தருகிறது; அதன் விலை அந்த மூன்று நாளுக்கானது என்றே நான் கருதுகிறேன்.

அன்று முட்டைக் குவியல்களை நசுக்கிவிட்டு, மாலையில் 1500 பி.பி.எம். அசாடிராக்டின் வேம்பு மருந்தை லிட்டருக்கு 5 மில்லி கலந்து அடித்தோம். பதினெட்டாம் நாள் மறுபடியும் எண்ணியபோது நூற்றில் ஏழு செடிகளின் இலையில், பச்சையம் மட்டும் சுரண்டப்பட்டுக் கண்ணாடித்தாள் போன்ற வெண்திட்டுகள் தெரிந்தன. இளம்பயிரில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் மருந்து தேவை என்பதால், மறுநாள் மாலை எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. மருந்தை லிட்டருக்கு 0.4 கிராம் வீதம் கலந்து, நாசிலைக் குருத்துக்கு நேரே பிடித்து அடித்தோம். புழு அப்போது சிறியதாக இருந்ததால் அந்த ஒரு தடவையிலேயே அடங்கியது. வளர்ந்த புழு குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற தன் எச்சத்தாலேயே மேலே அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அடிக்கும் மருந்து அந்த அடைப்பில்தான் விழும். புழுவின் உடம்பில் படாது. போன ஆண்டு நான் செலவழித்த மருந்தில் பாதி அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

இதுவரை பொறி சொன்னபடியெல்லாம் நடந்தது. அடுத்து நடந்ததை இந்தப் பக்கத்து விவசாயிகள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக இறங்கத் தொடங்கினால் சுரண்டை, ஊத்துமலைப் பக்கத்துக் காற்றாலைகள் இரவும் பகலும் நிற்காமல் சுற்றும். வைகாசிக் கடைசியில் அப்படி ஒரு காற்று வாரம் முழுவதும் வீசியது. இருபத்தாறாம் நாளிலிருந்து முப்பத்தொன்றாம் நாள் வரை பொறிகளில் ஒரு அந்துகூட விழவில்லை. பூச்சி ஓய்ந்துவிட்டது என்று நினைத்து நான் குருத்துகளைப் பார்ப்பதை நிறுத்தினேன். முப்பத்திரண்டாம் நாள் தண்ணீர் பாய்ச்சப் போனபோது மடையோரத்துச் செடிகளின் குருத்தில் ஈரம் காயாத புது எச்சம் கிடந்தது. எண்ணிப் பார்த்ததில் நூற்றுக்குப் பதினொன்று. பலத்த காற்றில் லூரின் மணம் சிதறிப் போகும், ஆண் அந்தும் எதிர்க்காற்றில் தேடி வரத் திணறும். பெண் அந்துவோ இருந்த இடத்திலேயே இலையடுக்குகளுக்குள் முட்டையிடுவதற்கு அந்தக் காற்று தடையாக இல்லை. ஆகவே காற்று அடங்கிய இரவில் பொறி வெறுமையாக இருந்தால் அதை நம்பலாம். காற்று வீசிய இரவின் வெறுமையை நம்பவே கூடாது. நாள்காட்டியில் அந்து எண்ணிக்கைக்குப் பக்கத்தில் முந்தைய இரவின் காற்றையும் ஒரு சொல்லில் எழுதி வைப்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். அந்தத் தடவை மருந்தின் வகையை மாற்றி, ஸ்பைனிடோரம் 11.7 எஸ்.சி. லிட்டருக்கு அரை மில்லி வீதம் குருத்தில் அடிக்க வேண்டியதாயிற்று.

பாலிதீன் பையையும் அந்தக் காற்று விட்டுவைக்கவில்லை. புனலின் விளிம்பில் நூலால் கட்டியிருந்த இடத்தில் பை படபடத்துக் கிழிந்து, இரண்டு பொறிகள் அடியில்லாமல் நின்றன. கிழிந்த பொறியும் வெறுமையாகத்தான் இருக்கும் என்பதால், எண்ணும்போதே பையையும் தடவிப் பார்க்க வேண்டும். பைக்குப் பதிலாகக் கெட்டியான வாளி பொருத்திய பொறியும் கிடைக்கிறது, விலை கூடுதல். பின்னர் இரண்டு வாங்கி வைத்தேன். எந்தக் காற்றும் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. மழைநீர் தேங்காமலிருக்க வாளியின் அடியில் சிறு துளைகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லூர் விஷயத்தில் இதைவிடப் பெரிய இழப்பு நேர்ந்திருக்கும். ஒரு லூருக்கு ஆயுள் ஒரு மாதம் என்பதால் முப்பத்தேழாம் நாள் புதிது வாங்கப் போனேன். முதலில் வாங்கிய கடையில் இருப்பு இல்லை. வேறொரு கடையில், வாசலில் விதைப் பொட்டலங்களோடு வெயிலில் தொங்கிக்கொண்டிருந்த லூர் உறைகளில் மூன்று மட்டும் கிடைத்தன. அவற்றை மூன்று பொறிகளில் மாற்றிவிட்டு, மற்ற மூன்றிலும் பழையதையே விட்டுவைத்தேன். அடுத்த ஏழு இரவுகளில் பழைய லூர் இருந்த பொறிகளில் தினமும் ஒன்று இரண்டு அந்துகள் விழுந்தன. புதிய லூர் இருந்த மூன்றிலும் ஒன்றுகூட விழவில்லை. கடையில் ஆறு கிடைத்து ஆறையும் மாற்றியிருந்தால், வயலில் பூச்சியே இல்லை என்று நம்பியிருப்பேன். அதுவும் எந்த நேரத்தில்? வெயில் காலத்தில் படைப்புழு முட்டை முதல் அந்து வரை ஒரு சுற்றை ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடித்துவிடும். முதல் அலையில் தப்பிய புழுக்கள் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி அந்தாக வெளிவருவது, கதிரின் நுனியில் பட்டு நூல் விடுகிற நாள்களோடு சரியாகப் பொருந்துகிறது.

நாற்பத்தைந்தாம் நாள் முதல் கடையிலேயே, குளிர்பெட்டியில் வைத்திருந்த லூர்களை வாங்கி ஆறையும் மாற்றினேன். மறுநாள் காலையில் ஆறு பொறிகளிலும் சேர்த்துப் பதினான்கு. லூர் வாங்குகிறவர்கள் உறையின் மேலுள்ள தயாரிப்புத் தேதியைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் அதை எங்கிருந்து எடுத்துத் தருகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அலுமினியத்தாள் உறை பிரிக்கப்படாமல் இருந்தாலும் வெயிலில் கிடந்தால் மணம் கெட்டுவிடும். வெறுங்கையால் தொடாமல், உறையைக் கொண்டே பிடித்துக் கூட்டில் செருகுவது நல்லது. வேறு பூச்சிக்கான லூரைத் தொட்ட கையால் இதைத் தொடவே கூடாது.

பட்டு வந்த பிறகு இன்னொரு பூச்சியும் சேர்ந்துகொள்கிறது. பருத்தியிலும் துவரையிலும் தக்காளியிலும் நாம் காணும் பச்சைக் காய்ப்புழுவே மக்காச்சோளத்தில் கதிர்ப்புழு. அதன் தாய்ப்பூச்சி புதுப் பட்டின்மேல் தனித்தனியாக முட்டையிடும். புழு பட்டு வழியாகவே நுனிக்குள் இறங்கிவிடும். கதிரின் நுனியில் சேதம் இருந்தால் பெரும்பாலும் இதன் வேலை. தோலின் பக்கவாட்டில் ஓட்டை போட்டிருந்தால் படைப்புழுவின் வேலை. படைப்புழுவின் லூருக்குக் காய்ப்புழு அந்து வராது என்பதையும், இரண்டு லூர்களை ஒரே பொறியில் வைக்கக் கூடாது என்பதையும் விற்கிறவர்கள் சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை. மேலே சொன்ன இரண்டு வாளிப் பொறிகளையும் நான் காய்ப்புழுவின் லூருக்கென்றே வைத்தேன்.

பட்டு விட்டதிலிருந்து ஏறத்தாழ இருபது நாளில், மணியை நகத்தால் கீறினால் பால் வடியும் பதத்தில் கதிரை ஒடித்தாக வேண்டும். ஒடித்த அன்றோ மறுநாளோ ஒரு குழந்தை அதைக் கையில் பிடித்துக் கடித்துத் தின்னும். அந்த இருபது நாளில் ரசாயன மருந்து அடிப்பதில்லை என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். பொறியில் எண்ணிக்கை ஏறிய இரண்டு சமயங்களில், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிர் மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு பட்டின்மேல் படும்படி அடித்தோம். பொறி இல்லாமல் இருந்திருந்தால் அச்சத்தில் நான்கு தடவை அடித்திருப்பேன்.

எட்டுப் பொறிகளுக்கும் பதினேழு லூர்களுக்கும் சேர்த்து, வாளிப் பொறிகளின் கூடுதல் விலை நீங்கலாக, 1,890 ரூபாய் ஆயிற்று. அதில் கெட்டுப்போன மூன்று லூர்களின் 150 ரூபாயும் அடங்கும். ஓர் ஏக்கருக்கு ஒரு சுற்று மருந்தும் தெளிப்புக் கூலியும் சேர்ந்தால் எனக்கு ஏறக்குறைய அதே தொகை ஆகிறது. போன ஆண்டு ரசாயன மருந்து ஐந்து சுற்று, இந்தப் பட்டத்தில் இரண்டு. ஒடிப்பன்று நூறு கதிர்களைத் தனியே எடுத்து உரித்துப் பார்த்ததில் ஒன்பதில் நுனிப்புழு, மூன்றில் பக்க ஓட்டை. இந்த மாற்றம் முழுவதும் பொறியால் வந்ததென்று சொல்ல மாட்டேன். கடைசி உழவில் ஏக்கருக்கு நூறு கிலோ வேப்பம் புண்ணாக்குப் போட்டதும், வரப்போரம் தட்டைப்பயறு விதைத்ததும், மைனியின் கண்ணும் சேர்ந்து செய்த வேலை இது. தினமும் காலையில் அரைமணி நேரம் ஒதுக்கி எண்ண ஆளில்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம். அவர்களுக்கு வாரம் இருமுறை நூறு செடிகளைப் பிரித்துப் பார்ப்பதே போதும். தண்டுத்துளைப்பானுக்கும் அசுவினிக்கும் இந்தப் பொறியால் எந்தப் பயனும் இல்லை.

புரட்டாசிப் பட்டத்திற்காகப் பை வைத்த பொறிகளை ஒதுக்கிவிட்டு, இன்னும் நான்கு வாளிப் பொறிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். லூரை மட்டும் முன்கூட்டி வாங்கவில்லை. முளைப்பு வந்த பிறகு போய், குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொள்வேன்.